31 பெட்டிகள்: எம்.எஸ்.சி. சித்ரா தரைதட்டிய நிகழ்வு, ஒரு கிளியரிங் மேசையிலிருந்து ஓர் ஆய்வு

2010 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை, காலை 9.50 மணியளவில் மும்பைத் துறைமுகத்தின் கடல்வாசலில் இரண்டு சரக்குக் கப்பல்கள் மோதின. ஒன்று எம்.எஸ்.சி. சித்ரா. மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள நவசேவா துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குஜராத்தின் முந்த்ராவுக்குப் புறப்பட்டிருந்தது. இன்னொன்று, மும்பைத் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த எம்.வி. கலீஜியா-3. கலீஜியாவுக்கு இது அந்தப் பருவத்தின் இரண்டாவது கண்டம். மூன்று வாரங்களுக்கு முன், ஜூலை 18 அன்றுதான், வேறொரு விபத்தில் சிக்கி மீண்டிருந்தது.

மோதலில் உடைந்த சித்ரா, கொலாபா முனைக்குத் தெற்கே பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தின் அருகே ஆழமில்லாத இடத்தில் தரைதட்டி, மெல்லச் சாய்ந்து, கடைசியில் கிட்டத்தட்டப் பக்கவாட்டில் படுத்துவிட்டது. கப்பலில் இருந்த 33 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். இந்த நிகழ்வில் முழுமையாக நல்லபடி முடிந்த விஷயம் இது ஒன்றுதான், அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

கப்பலில் இருந்தவை: 1,219 கன்டெய்னர்கள், 2,662 டன் எரிஎண்ணெய், 283 டன் டீசல், சுமார் 88,000 லிட்டர் மசகு எண்ணெய். பெட்டிகளில் 31-இல் அபாயச் சரக்கு, பெரும்பாலும் பூச்சிக்கொல்லி. கப்பல் சாயச் சாய ஏறக்குறைய 300 பெட்டிகள் கடலில் விழுந்தன. சுமார் 800 டன் எண்ணெய் கசிந்தது.

இந்த நிகழ்வைப் பற்றி வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை எண்ணெயைப் பற்றியவை. கறுப்பு அலை, கறுப்பு மணல், எண்ணெய் தோய்ந்த நண்டு: இவை கேமராவுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பது கேமராவுக்குத் தெரியாது. கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பெட்டிக்குக் காகிதம் எழுதுவது என் பிழைப்பு. ஆகவே இந்த ஆய்வு பெட்டிகளின் பக்கமே அதிகம் சாயும்.

ஒரே வாசல், இரண்டு துறைமுகங்கள்

வரைபடத்தில் மும்பைத் துறைமுகமும் நவசேவாவும் வளைகுடாவின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கின்றன. நிர்வாகமும் வேறு வேறு. ஆனால் கடலிலிருந்து உள்ளே வர இரண்டுக்கும் பிரதான கால்வாய் ஒன்றுதான். 2010-இல் நாட்டின் பெருந்துறைமுகங்கள் கையாண்ட கன்டெய்னர் போக்குவரத்தில் பாதிக்கு மேல் நவசேவா வழியாகப் போனது. மும்பைத் துறைமுகத்துக்கு வரும் எண்ணெய்க் கப்பல், இரும்பு, மொத்தச் சரக்கு, கடற்படை, மீன்பிடிப் படகு எல்லாம் அதே தண்ணீரில்தான்.

குறுகிய கால்வாயில் கப்பல்களுக்கான விதி சிக்கலானதல்ல. வலப்பக்க ஓரமாகப் போ, எதிரே வருபவன் உன் இடப்பக்கமாகக் கடந்துபோவான். சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறை, ஊதலை ஒலி, சீக்கிரமாகவும் வெளிப்படையாகவும் திரும்பு. சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகள் 1972-லிருந்து இதைத்தான் சொல்கின்றன. கடினம் எங்கே வருகிறது என்றால், கால்வாயின் வாயில். அங்கே ஒரு கப்பல் கால்வாயை விட்டு வெளியேறுகிறது, இன்னொன்று நங்கூர இடத்திலிருந்து வளைந்து கால்வாய்க்குள் நுழைகிறது. கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுக பைலட் ஏறுவதும் இறங்குவதும் அந்த வட்டாரத்தில்தான். யார் கால்வாயில் இருக்கிறார், யார் இன்னும் வெளியே இருக்கிறார் என்பதே சில நிமிடங்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

இரண்டு கப்பல்களுக்கும் இடையே ரேடியோத் தொடர்பு சரியாக அமையவில்லை என்பது அப்போதே பரவலாகப் பேசப்பட்டது. எனக்கு இந்த விளக்கத்தில் பாதி உடன்பாடுதான். ரேடியோ கிடைக்காததால் மோதிய கப்பல்களைப் போலவே, ரேடியோவில் பேசிக்கொண்டே மோதிய கப்பல்களும் உலகத்தில் நிறைய உண்டு. “நீ எந்தப் பக்கம் போகிறாய்” என்று கேட்டுப் பதில் வாங்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான டன் இரும்பு நூறு நூறு மீட்டராகப் போய்க்கொண்டே இருக்கும். விதிப்படி நடக்க ரேடியோ தேவையில்லை. ஜன்னலும் ரேடாரும் போதும். பகல் வெளிச்சத்தில், கண்காணிப்பு மையம் உள்ள துறைமுக வாசலில் இது நடந்தது என்பதைத்தான் விசாரணையின் முதல் வரியாக வைக்க வேண்டும்.

மும்பை எல்லோ கேட் காவல் நிலையத்தில் இரு கப்பல் தலைவர்கள் மீதும் வழக்குப் பதிவானது. அலட்சியமாகக் கப்பல் ஓட்டியது என்ற பிரிவு. கப்பல் விபத்தில் போலீஸ் முதலில் கேப்டனைப் பிடிப்பது நம் ஊர் வழக்கம். லாரி மோதினால் டிரைவரைப் பிடிப்பதன் நீட்சி அது. கப்பல் எவ்வளவு பழையது (சித்ரா 1980-இல் கட்டப்பட்டது), யாருக்குச் சொந்தம், எந்த நாட்டுக் கொடி, காப்பீடு யாருடையது என்ற கேள்விகளெல்லாம் பின்னால்தான் வரும், அதுவும் ஆங்கிலம் பேசும் வக்கீல்களோடு.

எண்ணெய்க்கு ஒரு ஏற்பாடு இருந்தது

எண்ணெய்க் கசிவைக் கையாள இந்தியாவில் 1996 முதலே தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு. அதனால் ஆகஸ்ட் 7-ஆம் தேதியே யார் போக வேண்டும் என்ற குழப்பம் எழவில்லை. கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் போயின, எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்து தெளிக்கப்பட்டது. ஆகஸ்ட் 9 வாக்கில் கசிவு நின்றது. மீதி எண்ணெயைத் தொட்டிகளிலிருந்து உறிஞ்சி எடுக்கும் வேலை மீட்பு நிறுவனமான ஸ்மிட்டிடம் போனது.

குறை சொல்லவும் இடமுண்டு. சிதறடிக்கும் மருந்து எண்ணெயை மாயமாக்குவதில்லை, மேற்பரப்பிலிருந்து தண்ணீருக்குள் இறக்குகிறது. ஆழ்கடலில் அது நல்ல பேரம். கொலாபா, உரண், வாஷி, அலிபாக் என்று சுற்றிலும் சேறும் அலையாத்தியும் உள்ள ஆழமற்ற வளைகுடாவில் கணக்கு வேறு. மும்பைக் கரையில் அதிகம் இருப்பது வெண்கண்டல். அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் பூசிக்கொண்டால் மரம் மூச்சுத் திணறும். சேற்றில் இறங்கி அதைத் துடைக்கப் போனால் மிதித்தே பாதியைக் கொன்றுவிடுவோம். எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்க் கலவையை டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் கரையில் பயன்படுத்தியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அலையாத்திகளைப் போய்ப் பார்த்தார்கள்.

இருந்தாலும் என் தீர்ப்பு: எண்ணெய்க்குத் திட்டமும் கருவியும் பொறுப்பாளரும் இருந்தார்கள். கூடக் குறையச் செய்தார்கள், ஆனால் செய்தார்கள்.

பெட்டிகள்

கன்டெய்னர் கடலில் விழுந்தால் மூழ்கிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது அடிப் பெட்டியின் வெளிக்கொள்ளளவு சுமார் 38 கன மீட்டர். அது இடம்பெயர்க்கும் கடல்நீரின் எடை சுமார் 39 டன். பெட்டிக்குச் சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்படும் உச்ச எடை 30 டன்னுக்குச் சற்று மேல். ஆக, கதவு ரப்பர் நன்றாக இருக்கும்வரை எந்தப் பெட்டியும் மிதக்கும். தண்ணீர் உள்ளே ஊற ஊற மெதுவாகத் தாழும். முழுக முழுகக் கூரை மட்டும் அலைமட்டத்துக்கு வந்து நிற்கும். ரேடாருக்கு அது தெரியாது. மழைக்காலக் கடலில் கண்ணுக்கும் தெரியாது. வேகமாக வரும் கப்பலின் அடிவயிற்றுக்கு மட்டும் தெரியும்.

மும்பையும் நவசேவாவும் நாட்கணக்கில் மூடிக்கிடந்ததற்குக் காரணம் இந்தப் பெட்டிகள்தான். கால்வாயில் எங்கே எது கிடக்கிறது என்று சோனார் வைத்துத் தேடிப் பார்க்காமல் எந்தக் கப்பலையும் விட முடியாது. கொஞ்சம் பெட்டிகள் அடியில் கிடந்தன, கொஞ்சம் மிதந்தன, கொஞ்சம் ராய்கட் கரையில் ஒதுங்கின. அந்த வாரத்தில்தான் ஆடி அமாவாசை. மும்பையில் அமாவாசை ஏற்றம் ஐந்து மீட்டரை நெருங்கும். நேற்று இருந்த இடத்தில் இன்று பெட்டி இல்லை.

இப்போது 31-க்கு வருவோம்.

கப்பலில் அபாயச் சரக்கு ஏற்றினால், என்ன ஏற்றியிருக்கிறது, எங்கே வைத்திருக்கிறது என்ற தனிப் பட்டியல் கப்பலில் இருக்க வேண்டும். கப்பல் புறப்படும் முன் அதன் நகல் கரையிலும் இருக்க வேண்டும். கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் கேட்பது இது. பெட்டியின் இடத்தை ஆறு இலக்கத்தில் எழுதுவோம்: முதல் இரண்டு பே (கப்பலின் நீளவாக்கில் எங்கே), அடுத்த இரண்டு வரிசை (அகலவாக்கில் எங்கே), கடைசி இரண்டு அடுக்கு (எவ்வளவு உயரத்தில்). இந்த ஆறு இலக்கம் இருந்தால் இருட்டில்கூடப் போய் அந்தப் பெட்டியைத் தொட்டுக் காட்டலாம். கப்பல் நேராக நிற்கும்வரை.

சித்ரா படுத்த நிமிடத்தில் அந்த முகவரிகள் செல்லாமல் போயின. விழுந்த முந்நூறில் எவை அந்த 31-இல் சேர்ந்தவை? பட்டியல் அதைச் சொல்லாது. எஞ்சி நிற்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண் பார்த்துக் கழித்துத்தான் விழுந்தவை எவை என்று தெரிந்துகொள்ள முடியும். எண்பது டிகிரி சாய்ந்த டெக்கில், தொங்கிக்கொண்டிருக்கும் பெட்டிகளுக்கு நடுவே, பருவமழைக் கடலில், அந்தக் கழித்தல் கணக்கை யார் போய்ச் செய்வது? இதில் இன்னொரு சங்கடம். பல வகை அபாயச் சரக்குகளை டெக்குக்கு மேலேதான் வைக்க வேண்டும் என்பது விதி. கசிந்தால் காற்றில் போய்விடும், தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்கலாம், முடிந்தால் தள்ளியும் விடலாம். நல்ல விதிதான். ஆனால் கப்பல் சாயும்போது முதலில் விழுவதும் மேலே இருப்பவைதான்.

எழுதப்பட்டிருந்த சரக்குகள்: ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி, பைரித்ராய்டு பூச்சிக்கொல்லி, காஸ்டிக் சோடா, அலுமினியம் பாஸ்பைடு. இந்த நான்கையும் “விஷ ரசாயனம்” என்று ஒரே சொல்லில் கட்டிவிட்டன செய்திகள். நான்கும் கடலில் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

காஸ்டிக் சோடா பிடிப்பவன் கையை வேகவைக்கும். பெருங்கடலில் கரைந்து நீர்த்துப் போகும். அதைப் பற்றிக் கரையில் இருப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பைரித்ராய்டு மனிதருக்கு ஒப்பீட்டளவில் மென்மையானது, மீனுக்கும் இறாலுக்கும் எமன். ஆர்கனோபாஸ்பரஸ் இருவருக்கும் ஆகாது. இந்த இரண்டும் சிறு ஓடையிலோ கழிமுகத்திலோ டிரம் டிரம்மாக உடைந்தால் பெரிய சேதம். அலையடிக்கும் திறந்த வாசலில் சேதத்தின் பரப்பு சுருங்கும்.

அலுமினியம் பாஸ்பைடு வேறு கதை. அரிசி மண்டியிலும் கோதுமைக் கிடங்கிலும் வண்டுக்கு வைக்கும் மாத்திரை இதுதான். ஊர்ப் பக்கம் உயிரை மாய்த்துக்கொள்ளப் பயன்பட்டுச் செய்தியில் அடிபடும் அதே மாத்திரை. ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும். 3 கிராம் மாத்திரைக்கு 1 கிராம் வாயு என்பது தோராயக் கணக்கு. கிடங்கில் காற்றின் ஈரத்துக்கே வேலை செய்யும் பொருளைக் கடல்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாஸ்பீன் நுரையீரலைத் தாக்கும், அடைபட்ட இடத்தில் சேர்ந்தால் தானே தீப்பிடிக்கவும் செய்யும். நல்லவேளையாக மாத்திரைகள் மூடி இறுக்கிய உலோகக் குப்பிகளில் வரும். கெட்டவேளையாக உப்புநீர் உலோகத்தை அரிக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நகரம் பயந்தது தாதரிலும் செம்பூரிலும் உட்கார்ந்திருந்தவர்களின் நுரையீரலை நினைத்து. பிராங்ஸிலிருந்து பருவக்காற்றில் அடித்துக்கொண்டு வரும் வாயு அந்தத் தூரத்துக்குள் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். உண்மையான அபாயம் சாய்ந்த கப்பலின் இடுக்குகளில் பெட்டியை அறுத்து எடுக்கப் போன மீட்பு ஆட்களுக்கும், கரையில் ஒதுங்கிய பெட்டியைத் திறந்து பார்க்கப் போன கிராமத்தாருக்கும்தான். அவர்களைப் பற்றித் தொலைக்காட்சியில் விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

காகிதம் எப்படி உருவாகிறது

வடாலாவில் குடியிருக்கும், துறைமுகத்தில் டாலி கிளார்க்காக ஓய்வு பெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். பெட்டியை எண்ணுவது அவர் வாழ்நாள் வேலை.

“அண்ணாச்சி, உள்ள என்ன இருக்குன்னு நீங்க எப்பவாவது யோசிச்சதுண்டா?”

“தம்பி, பொட்டி நம்பரு, சீலு நம்பரு, அடிபட்டிருக்கா இல்லையா, அம்புட்டுதான் எங்க சோலி. உள்ள மல்லிப்பூ இருக்கோ மருந்து இருக்கோ, எங்களுக்கு ரெண்டும் இருவது அடிதாம்.”

“வெளிய வைரம் மாதிரி படம் ஒட்டியிருப்பாங்களே?”

“ஒட்டிருப்பான். மழையில பாதி உரிஞ்சி தொங்கும். மண்டையோடு படத்துல மண்டை போயிரும், எலும்பு மட்டும் நிக்கும்.”

சிரித்துவிட்டேன், ஆனால் இது சிரிக்கும் விஷயமில்லை. அபாயச் சரக்குக்கான சர்வதேச விதித்தொகுப்பின்படி, பெட்டியின் நான்கு பக்கமும் ஒட்டும் அந்த அடையாளம் கடல்நீரில் மூன்று மாதம் ஊறிய பிறகும் படிக்கும்படி இருக்க வேண்டும். விதியை எழுதியவர்கள் சித்ராவைப் போன்ற ஒரு நாளை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பெட்டியின் முகவரி செல்லாமல் போன பிறகு, மீட்புப் படகில் இருப்பவருக்கு மிஞ்சும் ஒரே தகவல் அந்த ஒட்டு. நீலத்தில் தீச்சுடர் என்றால் தண்ணீர் பட்டால் ஆபத்து, வெள்ளையில் மண்டையோடு என்றால் நஞ்சு, பாதி வெள்ளை பாதி கறுப்பு என்றால் அரிப்பான். எங்கள் தொழிலில் இதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள்? கல்யாண போஸ்டர் அடிக்கும் கடையில் கொடுத்து வாங்கிய ஸ்டிக்கரைப் பெட்டியில் பார்த்திருக்கிறேன். பாம்பே மழை ஒன்றுக்கே தாங்காதது அது.

காகிதம் தொழிற்சாலையில் தொடங்குகிறது. சரக்கின் ஐ.நா. எண், முறையான பெயர், வகுப்பு, அபாய அளவைக் காட்டும் பேக்கிங் பிரிவு, நிகர எடை, அவசரத் தொலைபேசி எண் எல்லாம் அபாயச் சரக்கு உறுதிமொழிப் படிவத்தில் எழுதுகிறார்கள். அது எங்களிடம் வரும், எங்களிடமிருந்து ஃபார்வர்டர் எனும் சரக்கனுப்பு முகவர், பிறகு லைன் எனும் கப்பல் நிறுவனம், லைனில் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிறவர், கடைசியில் கப்பலின் முதன்மை அதிகாரி. இந்தச் சங்கிலியில் பெட்டியைத் திறந்து பார்த்தவர் முதல் ஆள் மட்டுமே. மற்ற எல்லோரும் முந்தைய ஆளின் எழுத்தை நம்புகிறவர்கள்.

அந்த முதல் ஆளுக்குப் பொய் சொல்ல நல்ல காரணங்கள் உண்டு. அபாயச் சரக்கு என்றால் கட்டணம் கூடும். சில லைன்கள் சில வகுப்புகளை ஏற்பதே இல்லை. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், பெட்டிக் கிடங்கில் தனி மூலை வேண்டும். “அக்ரோ புராடக்ட்” என்று எழுதினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது பாருங்கள், பூச்சிமருந்தும் விவசாயத்துக்குத்தானே! சித்ராவில் 31 பெட்டி எழுதியிருந்தது. எழுதாமல் போனது உண்டா இல்லையா என்ற கேள்வியை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் ஒரு கப்பலிடம் மட்டும் கேட்க மாட்டார்கள், எல்லாக் கப்பலிடமும் கேட்பார்கள்.

மும்பைக்கு இது புதிய பாடமும் இல்லை. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிபொருள், அதோடு பருத்திப் பொதிகள், எண்ணெய், மரம், தங்கக் கட்டிகள். தீ பருத்தியில் தொடங்கியது. அபாயச் சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடி கப்பலில் ஏற்றப்பட்டிருக்கவில்லை. தீயணைக்கப் போனவர்களுக்கு எதன் மேல் நின்று தண்ணீர் அடிக்கிறோம் என்பது ஆரம்பத்தில் தெரியவில்லை. மாலை நான்கு மணி தாண்டி அடுத்தடுத்து இரண்டு பெருவெடிப்புகள். இறந்த நூற்றுக்கணக்கானவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. நாடு முழுக்க ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாக இருப்பது அதனால்தான். அளவில் சித்ராவும் ஸ்டிகீனும் ஒப்பிடத் தக்கவை அல்ல. தகவலின் இடைவெளி ஒன்றே.

மீன் சந்தையில்

ஆகஸ்ட் 8 ஆடி மாத ஞாயிறு. தாராவி, சயன் கோலிவாடா, அண்டாப் ஹில் பக்கம் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றும் பருவம். மகாராஷ்டிரத்தில் அப்போது மழைக்கால மீன்பிடித் தடை ஆகஸ்ட் நடு வரை. தடை முடிந்து நாரளி பௌர்ணமிக்குத் தேங்காய் விட்டுக் கோலி மீனவர்கள் கடலில் இறங்கக் காத்திருந்த நேரம். வருடத்தின் முதல் வரவை எண்ணிக் கடன் வாங்கி வலை பின்னி வைத்திருப்பார்கள். அந்த வாரம் பார்த்துக் கடலுக்குப் போகாதே, கரையோர மீனைச் சாப்பிடாதே என்ற எச்சரிக்கைகள் வந்தன.

எச்சரிக்கை தவறில்லை. ஆனால் எந்த மீன், எந்தப் பகுதி, எத்தனை நாள் என்ற விவரமில்லாத எச்சரிக்கை சந்தையில் ஒரே வார்த்தையாகச் சுருங்கும்: “வேண்டாம்.” கூடைக்காரிகளிடம் கேட்டால் குஜராத்திலிருந்து ஐஸில் வந்த வஞ்சிரத்தையும் யாரும் தொடவில்லை என்பார்கள். கருவாட்டுக்கு மட்டும் கேள்வியில்லை, அது போன வருடத்துக் கடல். பெட்டிப் பட்டியல் அன்றே பொதுவில் வந்திருந்தால், எந்தெந்தப் பொருள் விழுந்திருக்கலாம், அது மீனில் தங்குமா கரைந்துபோகுமா என்று மீன்வள விஞ்ஞானிகள் ஒரு வரியில் சொல்லியிருக்க முடியும். பொத்தாம்பொதுவான பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் கோலிகளும் அவர்களிடம் கொள்முதல் செய்து தெருவில் விற்றவர்களும்தான்.

அதன் பிறகு

அடுத்த வருடமே மும்பைக் கடலுக்கு ஏழரை பிடித்தது. 2011 ஜூனில் உடைப்பதற்காக அலங்குக்கு இழுத்துக்கொண்டு போன எம்.வி. விஸ்டம் அறுத்துக்கொண்டு ஜுஹு கரையில் ஏறியது. ஜூலை கடைசியில் எம்.டி. பவித், ஆளே இல்லாமல் ஓமன் பக்கத்திலிருந்து மிதந்து வந்து அதே ஜுஹுவில் நின்றது. ஆகஸ்ட் 4-இல் 60,000 டன் நிலக்கரியோடு எம்.வி. ராக் மும்பைக்கு வெளியே மூழ்கியது. ராக் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் 100 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. தீர்ப்புக்கு ஐந்து ஆண்டு. அதிலிருந்து கசிந்த எண்ணெய் அதற்குள் எங்கே போயிருக்கும் என்று கேட்காதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எண்ணெய்க்கும் பெட்டிக்கும் இடையிலான அதே ஏற்றத்தாழ்வு சட்டத்திலும் தெரிகிறது. டேங்கர் எண்ணெய்க் கசிவுக்குச் சர்வதேச இழப்பீட்டு நிதி பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. கப்பல் தன் சொந்த எரிபொருளாகக் கொண்டுபோகும் எண்ணெய்க்கான ஒப்பந்தம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. ரசாயனம் உள்ளிட்ட அபாயச் சரக்குகளுக்கான ஒப்பந்தம் 1996-இல் எழுதப்பட்டது; 2010 ஏப்ரலில், சித்ரா மோதுவதற்கு நான்கு மாதம் முன்பு, லண்டனில் திருத்தி எழுதினார்கள். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

2021-இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. கசிவு முன்பே தெரிந்திருந்தது. கசிந்த பெட்டியை இறக்கிக்கொள்ள கத்தாரின் ஹமத் துறைமுகமும் குஜராத்தின் ஹசிராவும் மறுத்திருந்தன. காகிதம் சரியாக இருந்தும் பயனில்லாமல் போன நிகழ்வு அது. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது 640 பெட்டி, அதில் 13 அபாயச் சரக்கு, 12-இல் கால்சியம் கார்பைடு. மாம்பழம் பழுக்க வைக்கும் அதே கல். தண்ணீர் பட்டால் எரியும் வாயு. பதினைந்து வருடம் கழித்து, வேறு கப்பல், வேறு ரசாயனம், “தண்ணீரில் படக் கூடாத சரக்கு தண்ணீரில்” என்ற அதே செய்தி. பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்தன. சரக்கு விவரத்தைப் பொதுவில் வெளியிடச் சொல்லிக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒரு முன்னேற்றத்தைக் குறிப்பிட வேண்டும். பெட்டி கடலில் விழுந்தால், அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரை நாட்டுக்கும் கொடி நாட்டுக்கும் கப்பல் தலைவர் உடனே அறிவிக்க வேண்டும் என்ற திருத்தம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. அபாயச் சரக்கு அதில் உண்டா என்பதும் அறிக்கையில் வர வேண்டும். சித்ராவுக்கு இது பெரிதாக உதவியிருக்காது, மொத்த நகரமும் பார்க்கத்தான் அது விழுந்தது. நடுக்கடலில் விழுந்து யாருக்கும் தெரியாமல் மிதக்கும் பெட்டிகளுக்கு உதவும்.

என் கையில் இருப்பது அவ்வளவு பெரிய விஷயங்கள் இல்லை. அபாயச் சரக்குப் படிவத்தில் அவசரத் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருக்கிறது. விபத்து நடந்தால் மீட்புக் குழுவினர் அழைக்க வேண்டிய எண். எடுப்பவருக்குச் சரக்கின் குணம் தெரிந்திருக்க வேண்டும், எந்த நேரத்திலும் எடுக்க வேண்டும். பலர் அதில் அலுவலக லேண்ட்லைனை எழுதிவிட்டு ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போவார்கள். எங்கள் அலுவலகத்தில் புதிய வாடிக்கையாளர் படிவம் வந்தால், அந்த எண்ணை ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஒரு முறை அழைத்துப் பார்ப்போம். வாட்ச்மேன் எடுத்து “சாஹப் கல் ஆயேங்கே” (ஐயா நாளைக்குத்தான் வருவார்) என்று சொன்னால் பெட்டிக்கு இடம் பதிவு செய்வதில்லை. சில பேர் கோபித்துக்கொண்டு பக்கத்துத் தெரு ஏஜென்டிடம் போய்விட்டார்கள். அவர்கள் பெட்டியும் அடுத்த கப்பலில் ஏறித்தான் இருக்கும்.